துணைப்பாடமாக உயிர் இயற்பியல்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் காஜாங், கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் என எவ்விடத்திலும் நம் வீடுகளில் ஒரே கேள்விதான் எழுகிறது: “மருத்துவமா, பொறியியலா?” மருத்துவம் என்றால் உயிரியல் வேண்டும், பொறியியல் என்றால் இயற்பியல் வேண்டும். அதனால், ஆறாம் படிவத்தில் வேதியியலையும் கணிதத்தையும் எடுக்கும் மாணவர்களில் பலர், இயற்பியல், உயிரியல் ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றொன்றைக் கைவிட்டுவிடுகின்றனர். ஒரு சாரார் இதயத்தைப் பற்றிப் படிக்கின்றனர். அழுத்தத்தைப் பற்றிப் படிப்பதை நிறுத்திவிடுகின்றனர். மறு சாரார் அழுத்தத்தைப் பற்றிப் படிக்கின்றனர்; இதயத்தை மறந்துவிடுகின்றனர். இதயத்தின் வேலையோ இரத்தத்தை அழுத்தத்துடன் உடலெங்கும் செலுத்துவதாகும்.

பதினெட்டு வயதுக்குள் நிகழும் இந்தப் பிரிவினையைப் பல்கலைக்கழகத்தில் ஓரளவேனும் சரிசெய்ய முடியும். இளங்கலைப் பட்டப்படிப்பில் முதன்மைப் பாடம் ஒன்றைப் படிக்கும் மாணவர், வாய்ப்புள்ள இடங்களில் அதனுடன் துணைப்பாடம் ஒன்றையும் எடுக்கலாம். அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெற விரும்பும் மாணவர்கள் உயிர் இயற்பியலைத் தங்கள் துணைப்பாடமாகக் கருதிப் பார்க்க வேண்டும் என்பது எனது கருத்து. அதற்கான காரணங்களையும், அதற்கு எதிராகக் கூறப்படுபவற்றையும் இக்கட்டுரையில் காண்போம்.

முதலில், உயிர் இயற்பியல் என்பது யாது? உயிருள்ளவற்றில் நிகழ்பவற்றை இயற்பியலின் விதிகளாலும் அளவீடுகளாலும் கணக்குகளாலும் ஆராயும் துறையே அது. ஓர் எளிய எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நீரில் கலந்த உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகவே பரவும். இதனைப் பரவல் என்று உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். அது எவ்வளவு நேரத்தில் பரவும் என்று கேட்டால் இயற்பியல் உள்ளே வருகிறது. ஓர் உயிரணுவின் அளவான 10 மைக்ரோமீட்டர் தூரத்தைக் கடக்க உயிர்வளிக்கு ஏறக்குறைய 0.025 வினாடி போதும். ஆனால், தூரம் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்காகும். தூரம் பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். இப்படியே கணக்கிட்டால், வெறும் பரவலால் மட்டும் ஒரு மீட்டர் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் ஆகும்!

ஒற்றை உயிரணு கொண்ட அமீபாவுக்கு இதயம் ஏன் தேவையில்லை, மனிதனுக்கு ஏன் தேவை என்பது இந்தச் சிறு கணக்கிலேயே விளங்கிவிடுகிறது. அமீபாவுக்குப் பரவலே போதும். மனிதனின் கால்விரலுக்கு உயிர்வளி எட்டு ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தால் பயனில்லை. அதை உடனே கொண்டு சேர்க்க இதயம் என்ற விசைக்குழாய் வேண்டும். மனப்பாடம் செய்து வைத்திருந்த செய்தி ஒன்று, காரணத்தோடு கூடிய அறிவாக இங்கே மாறுகிறது. உயிர் இயற்பியல் மாணவருக்குத் தரும் முதல் பயன் இதுவே.

இரண்டாவது பயன் இதனினும் பெரியது. இரு துறைகளுக்கும் நடுவே விழுந்து கிடக்கும் கேள்விகளை, இரண்டையும் அறிந்தவரே எளிதில் காண்பார். கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் நம்மில் பலர் வீட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்ட விரல்மாட்டிக் கருவியை நினைவுகூருங்கள். இரத்தத்தில் உள்ள உயிர்வளியின் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் அது. அதன் அடிப்படைத் தத்துவத்தை 1970களின் தொடக்கத்தில் கண்டறிந்தவர் தக்குவோ அவோயாகி என்னும் ஜப்பானியப் பொறியியலாளர். அக்கருவி விரலுக்குள் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் மாறி மாறிச் செலுத்துகிறது. உயிர்வளி ஏந்திய ஹீமோகுளோபின் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகவும் உட்கவர்கிறது. உயிர்வளி இல்லாத ஹீமோகுளோபின் இதற்கு நேர்மாறானது. விரலைக் கடந்து மறுபக்கம் வரும் ஒளியை அளந்து, உயிர்வளியின் அளவை அக்கருவி கணக்கிடுகிறது.

ஆனால், ஒளியை உட்கவர்வது ஹீமோகுளோபின் மட்டுமா? தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உட்கவர்கிறது. 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ ஓர் ஆய்வை வெளியிட்டது. அமெரிக்காவில் நடந்த அந்த ஆய்வின்படி, உண்மையில் உயிர்வளி குறைந்திருந்தும் கருவி அதனைக் காட்டத் தவறிய நிலை, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. மூச்சுத் திணறும் ஒருவரைப் பார்த்து, “உனக்கு ஒன்றுமில்லை” என்று கருவி கூறிவிட்டால் சிகிச்சை தாமதமாகும். அதன் விலை ஓர் உயிராகக்கூட இருக்கலாம். கருநிறத் தோல் கொண்டோர் மிகுதியாக வாழும் நம் சமுதாயத்துக்கு இது தொலைதூரச் செய்தியன்று. ஒளியை மட்டும் அறிந்தவருக்குத் தோலின் வேறுபாடு தோன்றாமல் போகலாம்; தோலை மட்டும் அறிந்தவருக்கு ஒளியின் கணக்கு புரியாமல் போகலாம். இரண்டையும் ஓரளவேனும் அறிந்தவர் அக்கேள்வியை முன்கூட்டியே எழுப்பக்கூடும்.

இவ்வாறு இரு துறைகளையும் இணைத்துப் பார்த்த முன்னோடிகள் தமிழ் மண்ணிலேயே தோன்றியிருக்கின்றனர். 1922ஆம் ஆண்டு எர்ணாகுளத்தில் பிறந்த ஜி. என். இராமச்சந்திரன், திருச்சிராப்பள்ளி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பின்னர் சர் சி. வி. இராமனிடம் ஆய்வு மாணவராக இருந்தவர். 1952ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைமையேற்றார். அங்கே அவர் ஆராய எடுத்துக்கொண்ட பொருள் உலோகமோ உப்போ அன்று. கொலாஜன் என்னும் புரதம். நம் தோலுக்கும் எலும்புக்கும் தசைநாணுக்கும் உறுதி தருவது கொலாஜனே.

சென்னையில் அவருடைய துறைக்கு அருகிலேயே மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. காலணிக்கும் பைக்கும் தோல் பதனிடும் முறைகளை ஆராயும் அந்நிலையத்திலிருந்து கங்காருவின் வால் தசைநாண் அவருக்குக் கிடைத்தது. அதனூடே ஊடுகதிரைச் செலுத்தி, படச்சுருளில் விழுந்த புள்ளிகளையும் கோடுகளையும் கொண்டு அதன் வடிவத்தைக் கணித்தார். கொலாஜன், மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு என்பதை அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954ஆம் ஆண்டு ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். அம்மூன்றும் கயிறுபோல் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டிருப்பதை அடுத்த ஆண்டு தெளிவாக்கினர்.

அக்கயிற்றின் நடுப்பகுதியில் இடம் மிகவும் குறைவு. எனவே, ஒவ்வோர் இழையிலும் மூன்றாவது இடந்தோறும் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் அமர்ந்திருக்கிறது. அந்த இடத்தில் அதைவிடப் பெரியது ஒன்று வந்து அமர்ந்தால் கயிறு சீராக முறுக்கிக்கொள்ளாது. சில குழந்தைகள் எளிதில் முறியும் எலும்புகளோடு பிறப்பதற்கு இத்தகைய மாற்றம் ஒரு முக்கியக் காரணமாகும். ஓர் அணுக்கூட்டத்துக்கு இடம் போதுமா என்ற இயற்பியல் கேள்வி, ஒரு குழந்தையின் எலும்பு முறிவை விளக்கிவிடுகிறது! ஆட்டுக்கால் சூப்பைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் கூழாகக் கெட்டிப்படுவதும் இதே கொலாஜனால்தான். நெடுநேரம் கொதிக்கும்போது மூவிழைக் கயிறு பிரிந்து ஜெலட்டினாகிறது; ஆறியதும் அந்த இழைகள் தாறுமாறாகப் பின்னிக்கொண்டு நீரைத் தம்முள் பிடித்து வைத்துக்கொள்கின்றன.

இராமச்சந்திரன் அத்துடன் நிற்கவில்லை. 1963ஆம் ஆண்டு, சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து, புரத இழை எந்தெந்தக் கோணங்களில் வளைய முடியும் என்பதைக் காட்டும் வரைபடத்தை வெளியிட்டார். ‘இராமச்சந்திரன் வரைபடம்’ என்றே உலகம் அதனை அழைக்கிறது. புதிய புரதம் ஒன்றின் வடிவத்தைக் கண்டறிவோர், தங்கள் முடிவு சரியா என்று சோதிக்க இன்றும் அதனைப் பயன்படுத்துகின்றனர். இயற்பியல் படித்த ஒருவர் உயிரியலின் வாசலில் நின்று கேட்ட கேள்விக்கு இத்தகைய நீண்ட ஆயுள்!

மற்றொருவர், 1952ஆம் ஆண்டு சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். அவர் பரோடாவில் இயற்பியலில் இளங்கலைப் பட்டமும், 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முனைவர் பட்டமும் பெற்றார். அதன் பிறகே உயிரியலின்பால் ஈர்க்கப்பட்டு, சான் டியேகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவராகச் சேர்ந்தார். முனைவர் பட்டம் பெற்றவர், தம்மினும் இளையோரோடு அமர்ந்து உயிரியலின் அடிப்படைகளைக் கற்றார். உயிரணுவுக்குள் புரதத்தை உருவாக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டறிந்ததற்காக 2009ஆம் ஆண்டு, தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பாக்டீரியாவை அழிக்கும் மருந்துகள் பல, அந்த ரைபோசோமைத்தான் தாக்குகின்றன. ஆகவே, அதன் வடிவத்தை அறிவது புதிய மருந்துகளுக்கு வழிகாட்டுகிறது.

இராமகிருஷ்ணனின் துணிவு போற்றத்தக்கது. ஆனால், முனைவர் பட்டத்துக்குப் பின் மீண்டும் மாணவராகும் வசதி எல்லாருக்கும் வாய்க்காது. குடும்பப் பொறுப்பும் கல்விக் கடனும் பலரைத் தடுத்துவிடும். அப்படியிருக்க, இருபது வயதிலேயே சில பாடங்களின் வழி மறுபக்கத்தை அறிந்துகொள்வது எளிய வழியன்றோ? துணைப்பாடம் என்பது அந்த எளிய வழியே.

இத்தகைய அறிவுக்கு நம் ஊரில் வேலை என்ன என்று சிலர் கேட்கலாம். சாத்தேவுக்குப் பெயர் பெற்ற காஜாங்கைச் சற்றே சுற்றிப் பார்த்தால் விடை கிடைக்கும். அண்டையிலுள்ள பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் முதன்மை வளாகம் உள்ளது. அதே பாங்கியில்தான் நாட்டின் ஒரே ஆய்வு அணு உலை 1982ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. அதனை நடத்தும் மலேசிய அணுசக்தி நிறுவனத்தில், மருத்துவப் பொருள்களைக் காமா கதிரால் கிருமி நீக்கம் செய்யும் பணியும், கதிர்வீச்சின் வழி நெல், வாழை முதலியவற்றில் புதிய வகைகளை உருவாக்கும் ஆய்வுகளும் நடைபெற்றுள்ளன. எவ்வளவு கதிர்வீச்சு செலுத்தினால் கிருமி அழியும்? எவ்வளவு செலுத்தினால் விதை அழியாமல் மாற்றம் மட்டும் பெறும்? இக்கேள்விகளுக்கு இயற்பியல் மட்டும் விடை தராது. உயிரியல் மட்டும் விடை தராது. சற்றுத் தள்ளி, புத்ராஜெயாவில் தேசியப் புற்றுநோய்க் கழகம் உள்ளது. புற்றுக்கட்டியைத் தாக்கும் கதிர் அருகிலுள்ள நல்ல உறுப்பைக் கெடுக்காமல் இருக்க வேண்டுமானால், கதிரின் அளவையும் திசையையும் துல்லியமாகக் கணக்கிட வேண்டும். கதிர்வீச்சுச் சிகிச்சையில் மருத்துவருடன் இணைந்து அக்கணக்கைச் செய்பவர் மருத்துவ இயற்பியலாளர்.

இனி, எதிர்க்கருத்துகளைக் காண்போம். “ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைத்தால் எதிலும் தேற முடியாது” என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது. அதனால்தான் உயிர் இயற்பியலை இளங்கலையில் முதன்மைப் பாடமாக எடுப்பதைவிடத் துணைப்பாடமாக எடுப்பதே நன்று என்கிறேன். இராமச்சந்திரன் கொலாஜனை ஆராய முடிந்ததற்குக் காரணம், ஊடுகதிர் பற்றிய அவருடைய ஆழ்ந்த அறிவு. ஒரு துறையில் ஆழமாக ஊன்றியவரே மறுதுறைக்கு எதையாவது கொண்டு செல்ல முடியும். மரத்துக்கு வேர் ஓரிடத்தில்தான் இருக்க வேண்டும்; கிளை மட்டும் வேலிக்கு அப்பாலும் நீளலாம்.

“கூடுதல் பாடம் எடுத்தால் தேர்ச்சிப் புள்ளி குறையும், கல்விக் கடனுதவியும் பாதிக்கப்படலாம்” என்பது இரண்டாவது. இந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடனுதவியை நம்பிப் படிக்கும் பிள்ளைக்கு ஒரு பாடத்தின் தோல்வி பெருஞ்சுமையாகும். எனவே, முதல் தவணையிலேயே இதில் இறங்க வேண்டியதில்லை. முதலாண்டில் முதன்மைப் பாடத்தில் காலூன்றிய பிறகு, இரண்டாம் ஆண்டில் தொடங்கலாம். முதன்மைப் பாடத்திலேயே தடுமாறுவோர் துணைப்பாடத்தைத் தவிர்ப்பதே அறிவுடைமை. அதில் இழிவு ஏதுமில்லை.

“உயிர் இயற்பியலாளர் தேவை என்று எந்த விளம்பரத்தைப் பார்த்தோம்?” என்பது மூன்றாவது. உண்மைதான்; அப்பெயரில் வேலைகள் அரிது. துணைப்பாடம் மட்டுமே ஒருவரை மருத்துவ இயற்பியலாளராக்கிவிடாது. அதற்குரிய பட்டமும் பயிற்சியும் தனியே வேண்டும். ஆயினும், மருத்துவக் கருவி செய்யும் தொழிற்சாலைக்குச் செல்லும் பொறியியலாளர், தம் கருவி உடலில் என்ன செய்கிறது என்பதை அறிந்திருந்தால் அவருடைய மதிப்பு உயரும். ஆய்வுக்கூடத்துக்குச் செல்லும் உயிரியலாளர், தாம் பயன்படுத்தும் கருவி எந்த விதியில் இயங்குகிறது, எப்போது தவறாகக் காட்டும் என்பதை அறிந்திருந்தால் அவருடைய முடிவுகள் நம்பத்தக்கவையாகும்.

நம் சமுதாயத்துக்குரிய காரணம் ஒன்றும் உண்டு. பிள்ளை மருத்துவராக வேண்டும் என்பது நம் பெற்றோர் பலரின் கனவு. அக்கனவில் குற்றமில்லை. ஆனால், நல்ல புள்ளிகள் பெற்றும் மருத்துவ இடம் கிடைக்காத மாணவர்கள் ஆண்டுதோறும் மனமுடைந்து போகின்றனர். உயிர் காக்கும் பணியின் ஒரே கதவு அடைபட்டுவிட்டதாக அவர்கள் எண்ணுகின்றனர். நோயாளியின் கையைப் பிடித்து நாடி பார்ப்பவர் மட்டும் உயிரைக் காப்பதில்லை. ஆக்சிமீட்டரை உருவாக்கியவரும், கதிரின் அளவைக் கணக்கிடுபவரும், புரதத்தின் வடிவத்தைக் கண்டறிந்தவரும் உயிரைக் காப்போரே. அதேபோல், இயற்பியலை நேசிக்கும் மாணவியும் மாணவரும், “உயிர் தொடர்பானது எதுவும் என் துறையன்று” என்று ஒதுங்க வேண்டியதில்லை.

ஆகவே, மாணவர்களே, சில செயல்களை இப்போதே தொடங்கலாம். கூடுதல் கணிதத்தைக் கடினம் என்று கைவிடாதீர்கள். இவ்விரு துறைகளையும் இணைக்கும் பாலம் அதுவே. ஆறாம் படிவத்தில் இயற்பியல், உயிரியல் ஆகியவற்றில் ஒன்றை விட நேர்ந்தால், விட்ட பாடத்தின் ஐந்தாம் படிவ நூலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விடுமுறையில் அதை மீண்டும் படியுங்கள். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் பாடத்தைக் குறிக்கும் முன், அப்பல்கலைக்கழகத்தின் பாடத்திட்டக் கையேட்டைப் பாருங்கள். துணைப்பாடம் எடுக்க அனுமதி உண்டா, எத்தனை பாடங்கள், எந்த ஆண்டில் தொடங்கலாம் என்பவற்றைக் கேட்டறியுங்கள். உயிர் இயற்பியல் என்ற பெயரில் துணைப்பாடம் இல்லாவிட்டாலும், இயற்பியல் மாணவர் உயிரணு உயிரியலையும், உயிரியல் மாணவர் வெப்ப இயக்கவியலையும் விருப்பப் பாடமாக எடுக்க இயலுமா என்று விசாரியுங்கள். பெயரைவிடப் பொருளே முக்கியம்.

நம் உடல் தன்னை இயற்பியல் என்றும் உயிரியல் என்றும் பிரித்துக்கொள்ளவில்லை. கற்பதற்கு எளிதாக இருக்கட்டும் என்று பள்ளிக்கால அட்டவணைதான் அவற்றைப் பிரித்து வைத்தது. அட்டவணை பிரித்ததை மாணவர் தம் முயற்சியால் மீண்டும் இணைத்துக்கொள்ளலாம். ஒரு துறையில் ஆழமும் மறுதுறையில் அறிமுகமும் உள்ள இளையோர் நம்மிடையே பெருக வேண்டும். அவர்கள் நாளை ஒரு கருவியைக் கையில் எடுக்கும்போது, “இது எப்படி அளக்கிறது?” என்று கேட்பார்கள், கூடவே, “இது எல்லாருக்கும் சரியாக அளக்கிறதா?” என்றும் கேட்பார்கள்.